கிராம சபையில் சுகாதார நிலையத்தின் பொருளாதாரப் பயனை எப்படி எடுத்துரைப்பது?

மணிமுக்தாக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மானாவாரி மக்காச்சோளமும் மரவள்ளியும் ஓரளவு கரும்பும் விளையும் ஓர் ஊராட்சியைச் சேர்ந்தவன். எங்கள் ஊரின் துணை சுகாதார நிலையம் கூரை பெயர்ந்த ஒரு பழைய கட்டடத்தில் இயங்கி வருகிறது. மழைக்காலத்தில் கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசிப் பெட்டியை அங்கன்வாடிக்கு எடுத்துச் சென்று அங்கேதான் குழந்தைகளுக்கு ஊசி போடுகிறார். முதன்மைச் சாலையை ஒட்டி ஊராட்சிக்குச் சொந்தமான ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதைச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்து, செவிலியர் குடியிருப்புடன் கூடிய புதிய கட்டடம் கேட்கலாம் என்பது எங்களில் சிலருடைய கருத்து. ஆறு கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்பது மற்றவர்களுடைய கருத்து. கடை ஒன்றுக்கு மாதம் 2,000 ரூபாய் வாடகை என்று வைத்தாலும் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஊராட்சிக் கணக்கில் வரும் என்று அவர்கள் சொல்கிறார்கள். மறுத்துச் சொல்ல எங்களிடம் எந்தக் கணக்கும் இல்லை.

அவர்கள் தீய எண்ணத்தோடு பேசுவதாக நான் நினைக்கவில்லை. தெருவிளக்குக் கட்டணத்துக்கும் குடிநீர்த் தொட்டிப் பராமரிப்புக்கும் ஊராட்சி திண்டாடுவது எனக்கும் தெரியும். ஆனால் மருத்துவ வசதி என்றாலே அரசு இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒன்று, அதற்கும் ஊரின் வருமானத்துக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் பெரியவர்களிடம் ஆழமாக இருக்கிறது. காப்பீட்டு அட்டை எல்லோரிடமும் இருக்கும்போது ஊருக்குள் ஒரு நிலையம் எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். அக்டோபர் 2 கிராம சபையில் இது விவாதத்துக்கு வருகிறது. நோய், சேவை, மனிதநேயம் என்று பேசினால் எல்லோரும் தலையசைத்துவிட்டுக் கடைக்கே கை தூக்குவார்கள். எனவே பொருளாதார வழியில், உழவரும் கூலித் தொழிலாளரும் தம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய முறையில் இதை எப்படிச் சொல்வது என்று வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பி, உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாடகையைக் கணக்கில் எடுக்கிறார்கள், ஏனென்றால் அது ஊராட்சியின் பதிவேட்டில் வரவாக எழுதப்படும். துணை சுகாதார நிலையம் ஊருக்கு மிச்சப்படுத்தும் பணம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அது ஒவ்வொரு வீட்டிலும் செலவாகாமல் நிற்கும் பணம். அதைக் கூட்டிக் காட்டுவதுதான் உங்கள் வேலை. கிராம சுகாதார செவிலியராகவும் பின்னர் பகுதி சுகாதார செவிலியராகவும் பணியாற்றியவள் என்ற முறையில் அந்தக் கணக்கைப் போடும் வழியைச் சொல்கிறேன்.

இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடமிருந்து தொடங்குங்கள். இவர்களுக்கு மாத்திரை மாதந்தோறும் வேண்டும், வாழ்நாள் முழுவதும் வேண்டும். ஊரில் கிடைக்காவிட்டால் நகரத்துக்குப் போக வேண்டும். வயதானவர் என்றால் துணைக்கு ஒருவர் போக வேண்டும். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைத்தாலும் இரண்டு பேருடைய ஒரு நாள் வேலை போய்விடுகிறது. 2024-25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அதையே அளவாகக் கொண்டால் ஒரு பயணத்துக்கு 638 ரூபாய், ஆண்டுக்கு 7,656 ரூபாய். உங்கள் ஊரில் இப்படி மருந்து எடுப்பவர்கள் நூறு பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 7,65,600 ரூபாய் ஆகிறது. எல்லா நாளும் ஊரில் வேலை கிடைப்பதில்லை, எல்லோரும் கூலிக்குப் போகிறவர்களும் அல்லர் என்று யாராவது எதிர்க்கேள்வி கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. எனவே பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 3,82,800 ரூபாய் நிற்கிறது. நீங்கள் சொன்ன ஆறு கடை வாடகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நூறு என்பதற்குப் பதிலாக உங்கள் ஊரின் உண்மையான எண்ணிக்கையைச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். அவருடைய பதிவேட்டில் இருக்கும். கேட்கும்போது பெயர்கள் வேண்டா, எண்ணிக்கை மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இந்த மாத்திரைகள் பலருக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கின்றன. அப்படிப் பெறுபவர்களை மேற்சொன்ன கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் பெண் பணியாளர் எங்கிருந்து மருந்தை எடுத்துச் செல்கிறார், அளவு கூடியவர்களை எங்கே அனுப்புகிறார் என்பதைக் கேளுங்கள். துணை சுகாதார நிலையம் ஒழுங்காக நின்றால்தான் அந்த வாசல் சேவையும் ஒழுங்காக நடக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் பேருந்துக்கும் புறநோயாளிகள் வரிசைக்கும் காத்திருக்கும் நேரம் குறையவில்லையே.

மகப்பேற்றை அடுத்துச் சொல்லுங்கள். 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இப்போது 18,000 ரூபாய் வரை பணமாகவும் ஊட்டச்சத்துப் பொருள்களாகவும் கிடைக்கிறது. அது தவணை தவணையாக வருவது. கர்ப்பத்தை உரிய மாதத்துக்குள் பதிவு செய்வது, பரிசோதனைக்கு வருவது, குழந்தைக்கு உரிய நாளில் தடுப்பூசி போடுவது என்று ஒவ்வொன்றோடும் அந்தத் தவணைகள் கட்டப்பட்டிருக்கின்றன. பதிவு தாமதமானால், பரிசோதனை தவறினால், தவணையும் தவறிப்போகிறது. செவிலியர் ஊரிலேயே தங்கும் கிராமங்களில் இந்தப் பணம் முழுமையாகக் கைக்கு வந்ததையும், அவர் வந்து போகும் கிராமங்களில் விடுபடல்கள் அதிகமாக இருந்ததையும் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகப் பாம்புக்கடி. கரும்பும் மக்காச்சோளமும் விளையும் ஊரில் இதைச் சொல்லாமல் விடாதீர்கள். கண்ணாடி விரியன் கடித்து நஞ்சுமுறிவு மருந்து தாமதமானால் சிறுநீரகம் பாதிக்கப்படும். பிறகு டயாலிசிஸ், பல நாள் படுக்கை, சில நேரம் ஒரு கையையோ காலையோ பழையபடி பயன்படுத்த முடியாத நிலை. உழைத்துச் சம்பாதிப்பவருடைய உடலில் ஏற்படும் அந்த இழப்பு அந்தக் குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டு வருமானத்தையும் தொடும். நஞ்சுமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இருக்கும், துணை நிலையத்தில் இருக்காது. ஆனால் கடிபட்டவரை நாட்டு வைத்தியத்துக்கு அழைத்துச் செல்லாமல், கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், 108ஐ அழைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே அனுப்பும் ஆள் ஊருக்குள்ளேயே இருப்பதன் விலை அந்த நேரத்தில்தான் தெரியும். இந்த மருந்துக்குத் தேவையான நஞ்சை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது என்பதையும், கிராம மருத்துவத்தின் தேவையே ஓர் எளிய சமுதாயத்துக்கு வருமானமாகி இருக்கிறது என்பதையும் வாய்ப்பிருந்தால் சொல்லுங்கள்.

சங்கக்கணக்கர் எழுதியது:

அம்மா சொன்ன கணக்கு மிகச் சரியானது. அதோடு கடன் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். நான் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நீண்ட காலம் பணியாற்றியவன். நகைக்கடன் கேட்டு வருபவரிடம் காரணம் கேட்டுத் துருவுவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் ஊரில் பழகியவர்கள் தாமாகவே சொல்வார்கள். பயிர்ச் செலவுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்ட காரணம் மருத்துவச் செலவுதான்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கிலி இதில் இருக்கிறது. விதைப்புக்கு முன் உரமும் விதையும் வாங்குவதற்காக வைத்திருந்த நகை, வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்ததால் அடகுக்குப் போய்விடுகிறது. பிறகு விதையையும் உரத்தையும் வியாபாரியிடம் கடனாக வாங்க வேண்டியிருக்கிறது. கடன் கொடுத்த வியாபாரிக்கே விளைச்சலைக் கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அறுவடை முடிந்ததும் விலை விழுந்திருக்கும் நேரத்திலேயே, அவர் சொல்லும் எடைக்கும் விலைக்கும் மக்காச்சோளம் போகிறது. காய வைத்து இரண்டு மாதம் பொறுத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் தொகை குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகிறது. மருத்துவமனைச் சீட்டில் எழுதிய தொகை ஒரு பங்கு என்றால் அதனால் விளைந்த இந்த இழப்பு இன்னொரு பங்கு. இரண்டாவதை யாரும் மருத்துவச் செலவு என்று எழுதுவதில்லை, விளைச்சல் கைகொடுக்கவில்லை என்றுதான் சொல்வார்கள்.

கறவை மாட்டை விற்பதும் அப்படித்தான். மாடு போனால் பால் சங்கத்திலிருந்து வாரந்தோறும் வந்துகொண்டிருந்த பணமும் போகிறது. அந்தப் பணத்தில்தான் மளிகைக் கடை பாக்கியும் பிள்ளையின் கல்லூரிப் பேருந்துக் கட்டணமும் கட்டப்பட்டு வந்திருக்கும். நகையும் மாடும் இல்லாதவர்கள் தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் போகிறார்கள். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. ஆனால் நள்ளிரவில் நோயாளியை வைத்துக்கொண்டு நிற்பவர் சட்டத்தைப் பற்றி யோசிக்கும் நிலையில் இருப்பதில்லை.

காப்பீட்டு அட்டை பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்புத் தருகிறது. இதயம், சிறுநீரகம், புற்றுநோய் போன்றவற்றில் பல குடும்பங்களை அது காப்பாற்றியிருப்பதை நான் கண்டிருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அட்டை பெரிய சிகிச்சைக்காகப் படுக்கையில் சேர்ந்த பிறகு வேலை செய்வது. காய்ச்சலுக்கு அது உதவாது, மாத மாத்திரைக்கு உதவாது, கூட இருப்பவருடைய சாப்பாட்டுக்கும் கூலி இழப்புக்கும் உதவாது. சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்டுக் காலை எடுக்க வேண்டிய நிலை வரும்போது அறுவைச் சிகிச்சைக்கு அட்டை பணம் கொடுக்கும், ஆனால் அதற்குப் பிறகு அவர் ஏர் பிடிக்க முடியாது. அந்த நிலை வராமல் தடுப்பது துணை சுகாதார நிலையத்தில் நடக்கும் சாதாரணப் பரிசோதனைதான். கிராம சபையில் அந்தப் பெரியவருக்கு இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

காவிரிப்பாடம் எழுதியது:

பொருளியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், மேலே இருவரும் தம் அனுபவத்திலிருந்து சொன்னதற்குப் பரந்த அளவிலான சான்றுகள் இருப்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017-18இல் நடந்தது. மகப்பேறு நீங்கலாக, இந்தியக் கிராமப்புறத்தில் ஒருமுறை மருத்துவமனையில் சேர்வதற்கான சராசரி மருத்துவச் செலவு அரசு மருத்துவமனையில் 4,290 ரூபாயாகவும் தனியார் மருத்துவமனையில் 27,347 ரூபாயாகவும் அதில் பதிவானது. கிராமக் குடும்பங்கள் இந்தச் செலவைப் பெரும்பாலும் தம் வருமானத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் சமாளித்தன, ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் முதன்மையாகக் கடனை நம்பினர். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருப்பதாகத் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்திருக்கிறது என்பது நல்ல செய்தி. ஆயினும் பத்து ரூபாயில் நான்கு ரூபாய் இன்னும் குடும்பத்தின் தலையில்தான் இருக்கிறது.

அரசியல் அறிவியலாளர் அனிருத் கிருஷ்ணா ராஜஸ்தான், குஜராத், ஆந்திரம் ஆகிய இடங்களிலும் கென்யா, உகாண்டா, பெரு ஆகிய நாடுகளிலும் வறுமைக்குள் விழுந்த குடும்பங்களின் கதையைக் கிராமம் கிராமமாகக் கேட்டுத் தொகுத்தவர். ஏறக்குறைய எல்லா இடங்களிலும் வீழ்ச்சிக்கான முதன்மைக் காரணமாக வெளிப்பட்டது நோயும் மருத்துவச் செலவும்தான். அவர் வலியுறுத்தும் ஒரு கருத்து உங்கள் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்தும். வறுமையிலிருந்து மேலே ஏறும் குடும்பங்களை மட்டும் எண்ணி நாம் மகிழ்கிறோம், அதே காலத்தில் கீழே விழும் குடும்பங்களைத் தனியாக எண்ணுவதில்லை. கடை வாடகை ஏறுவதற்கு உதவும் பணம் என்றால் சுகாதார நிலையம் விழாமல் தடுக்கும் ஏற்பாடு. உங்கள் ஊராட்சி இரண்டாவதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

இனி, ஒரு சுகாதார நிலையம் ஊருக்குள் பணத்தைக் கொண்டுவருமா என்ற கேள்வி. இதில் மிகைப்படுத்திப் பேசினால் கிராம சபையிலேயே பிடிபட்டுவிடுவீர்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் கிராமப்புறங்களில் மருத்துவமனைகள் மூடப்பட்டதன் விளைவை மார்க் ஹோம்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். ஒரு மாவட்டத்தின் ஒரே மருத்துவமனை மூடப்பட்டால் அங்கே தனிநபர் வருமானம் ஏறத்தாழ 4 விழுக்காடு, அதாவது 703 டாலர் குறைந்தது. வேலையின்மை 1.6 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. அருகிலேயே மாவட்டத்துக்குள் வேறொரு மருத்துவமனை இருந்த இடங்களில் நீண்டகாலப் பாதிப்பு தெரியவில்லை. அங்கே சிறுநகரங்களில் மருத்துவமனையே பெரிய வேலைகொடுப்பவர் என்பதும், நல்ல ஊதியம் பெறுபவர்கள் வெளியேறும்போது கடையும் வீட்டு வாடகையும் பள்ளியும் சேர்ந்தே சரிகின்றன என்பதும் இதற்குக் காரணம்.

இந்த எண்ணிக்கையை அப்படியே உங்கள் ஊருக்குக் கொண்டுவர முடியாது. துணை சுகாதார நிலையத்தில் பணிபுரிபவர்கள் ஓரிருவர். அவர்கள் ஊதியம் ஊரில் செலவாவதால் ஏற்படும் பயன் சிறிதுதான், அவர்கள் நகரத்திலிருந்து வந்து போனால் அதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மருத்துவர், மூன்று செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் என்று ஆட்கள் கூடுவார்கள், வாசலில் ஒரு தேநீர்க் கடையும் ஆட்டோ நிறுத்தமும் வரும். மருத்துவக் கல்லூரி என்றால் விளைவு வேறு அளவில் இருக்கும். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் உங்கள் மாவட்டத்தின் கல்லூரியும் ஒன்று. சிறுவங்கூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் விடுதி, உணவகம், வாடகை வீடு, பால், காய்கறி என்று பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதை உங்கள் ஊர்க்காரர்களே கண்ணால் காணலாம். ஆனால் துணை நிலையத்துக்கு அந்தப் பயனை உரிமை கொண்டாடாதீர்கள். அதன் பொருளாதாரப் பயன் உழைப்பு நாள் வீணாகாமல் காப்பதிலும் கடன் வராமல் தடுப்பதிலும் இருக்கிறது. அந்த இரண்டையும் மட்டும் சொன்னாலே வாதம் வலுவாக நிற்கும்.

இலவச மருந்து எப்படிச் சாத்தியமாகிறது என்று யாராவது கேட்டால் 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைச் சொல்லுங்கள். மாநிலம் முழுவதற்குமான மருந்தை ஒரே இடத்தில் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறை அது. சில்லறை விலையோடு ஒப்பிட மிகக் குறைந்த விலையில் மருந்து கிடைப்பதால்தான் கடைக்கோடி நிலையம் வரை அது இலவசமாக வந்து சேர்கிறது. அந்த மலிவின் பயனை உங்கள் ஊர் அனுபவிக்க வேண்டுமானால் மருந்தை வாங்கி வைக்க ஒழுகாத ஒரு கூரை வேண்டும்.

அரூர்வாசி எழுதியது:

எங்கள் தருமபுரி மாவட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல அனுமதியுங்கள். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையிலுள்ள சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு உங்கள் மாவட்டத்துக்கும் அண்டைப் பகுதிதான். 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் அங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடியினரும் வாழும் அந்தப் பகுதியில் அதுவரை அறுவைச் சிகிச்சை வேண்டுமென்றால் சேலம் வரை போக வேண்டியிருந்தது. பிறந்த குழந்தைகளில் பலர் முதல் ஆண்டைக் கடக்கவில்லை.

நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததை. அவர்கள் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவதற்குப் பதிலாக உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செவிலியர்களாகவும் நலப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். எனவே மருத்துவமனையின் ஊதியம் பள்ளத்தாக்குக்குள்ளேயே தங்கியது. நோயின் வேரைத் தேடிப் போனபோது கடனும், உர விலையும், பிழைப்புக்காகத் திருப்பூர்ப் பக்கம் வெளியேறுவதும் கண்ணில் பட்டன. அதன் தொடர்ச்சியாகச் சிட்டிலிங்கி இயற்கை விவசாயிகள் சங்கம் உருவாகி, சிறுதானியங்களை மதிப்புக் கூட்டி விற்கும் வேலை தொடங்கியது. லம்பாடிப் பெண்கள் கைவிட்டிருந்த பூத்தையல் ‘போர்கை’ என்ற பெயரில் மீண்டும் வருமானம் தரும் தொழிலானது. மருத்துவமனை வந்ததால் மட்டுமே இவை நடந்தன என்று நான் சொல்லவில்லை, உழவர்களுடைய உழைப்பும் பெண்களுடைய கைத்திறனும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. ஆனால் குழந்தையைப் பறிகொடுக்காத, கந்துவட்டிக்கு ஓடாத குடும்பம்தான் புதிய பயிர்முறையைத் துணிந்து முயன்று பார்க்க முடியும். மக்களுடைய நம்பிக்கையை முதலில் பெற்றது மருத்துவம், மற்றவை அந்த நம்பிக்கையின் மேல் எழுந்தன.

காவிரிப்பாடம் ஐயா சொன்ன எச்சரிக்கையையும் ஏற்கிறேன். அர்ப்பணிப்புள்ள மருத்துவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓரிடத்தில் நின்றது எல்லா ஊருக்கும் வாய்க்காது. எங்கள் மாவட்டத்திலேயே பூட்டிய கதவோடு நிற்கும் புதிய கட்டடங்களையும் பார்க்கிறோம்.

மணிமுக்தாக்கரை எழுதியது:

அனைவருக்கும் உளமார்ந்த நன்றி. செவிலி அம்மா சொன்னபடி எண்ணிக்கையைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு மருந்து வராத நிலையில் நகரத்துக்குப் போய் வாங்குபவர்களை மட்டும் தனியாக எடுத்திருக்கிறேன். கூலியைப் பாதியாகக் குறைத்துப் போட்டுப் பார்த்தபோதும் தொகை கடை வாடகையைத் தாண்டுகிறது.

அரூர்வாசி ஐயா கடைசியில் சொன்னதுதான் இப்போது என் கவலை. நிலத்தையும் கொடுத்து, கட்டடமும் வந்து, ஆள் வராவிட்டால் ஊருக்கு வாடகையும் போய் மருத்துவமும் இல்லாமல் போகும். அதைத் தடுக்கத் தீர்மானத்தில் என்ன எழுத வேண்டும்? கடை கேட்பவர்களை முற்றிலும் ஒதுக்காமல் இருக்கவும் வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

தம்பி, செவிலியர் ஊரில் தங்காமைக்குப் பெரும்பாலும் காரணம் மனம் இல்லாமை அன்று. கழிவறை இல்லாத, இரவில் தனியாக இருக்க அச்சம் தரும், தண்ணீர் வராத குடியிருப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் எப்படித் தங்குவார்? எனவே குடியிருப்பு, சுற்றுச்சுவர், தண்ணீர் இணைப்பு, வாசலில் தெருவிளக்கு ஆகிய நான்கையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். கட்டடத்தைத் துறை கட்டட்டும். தண்ணீரும் விளக்கும் ஊராட்சி தன் பொறுப்பில் தரும் என்று உறுதி கூறுங்கள். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. சொந்தக் கட்டடமில்லாத துணை நிலையங்களுக்குக் கட்டடம் கட்டுவதும் அதில் ஒன்று. அந்த நிதி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, உங்கள் வட்டாரப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்பதை வட்டார மருத்துவ அலுவலரிடம் கிராம சபைக்கு முன்பே நேரில் கேளுங்கள்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது நெறி. உங்கள் நிலையத்தின் கீழ் வரும் மற்ற சிற்றூர்களின் மக்கள்தொகையையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஊராட்சிகளும் ஆதரவுத் தீர்மானம் போட்டால் கோரிக்கைக்கு எடை கூடும்.

ஆள் வராத அச்சத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. இடத்தைத் துறைக்குத் தரும்போது, குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டுமானம் தொடங்காவிட்டால் இடம் ஊராட்சியின் பயன்பாட்டுக்குத் திரும்பும் என்று ஒரு நிபந்தனை சேர்க்க முடியுமா என வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். கிராம சுகாதாரம், நீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு உங்கள் ஊரில் பெயரளவில் இருந்தால் அதை உயிர்ப்பியுங்கள். அதற்கு ஆண்டுதோறும் 10,000 ரூபாய் கட்டற்ற நிதி உண்டு. அந்தக் குழுவில் உள்ள பெண்கள் நிலையம் திறந்திருந்த நாள்களை மாதந்தோறும் குறித்துவைத்து, ஒவ்வொரு கிராம சபையிலும் படிக்கட்டும்.

கடைக்காரர்கள் கேள்விக்கு: இடத்தின் அளவைச் சொல்லவில்லை நீங்கள். சாலையோர முகப்பில் இரண்டு கடைகளுக்கு இடம் விட்டு, பின்னால் நிலையத்துக்குத் தனி வழி வைக்க முடியுமானால் அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்பும் அகலம் மட்டும் குறையக் கூடாது. அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், வரைபடம் போடுவதற்கு நான் உதவுகிறேன்.